பழைய ஸ்டீரியோ ரிசீவரை எழுப்பும் முறை

மலாக்கா நகரின் ஜோங்கர் தெருவில் பழம்பொருட் கடைகள் பல உண்டு. பீங்கான் சாடிகளுக்கும் பித்தளை விளக்குகளுக்கும் இடையே வெள்ளி நிற முகப்பும் மரத்தாலான உடலும் கொண்ட கனத்த வானொலிக் கருவி ஒன்றை அங்கே சிற்சில வேளைகளிற் காணலாம். கடையில் மட்டுமன்று, ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரங்களிலே தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் சிலவற்றிலும், அலமாரியின் உச்சியில், பூப்பின்னல் துணி போர்த்திய நிலையில் அத்தகைய கருவி உறங்கிக்கொண்டிருக்கிறது. 1970-களில் தவணைப் பணம் கட்டி வாங்கியதாயிருக்கும். வாங்கியவர் மறைந்திருப்பார். என்றோ ஒரு நாள் பேரப்பிள்ளை அதைக் கீழே இறக்கித் தூசி தட்டி, ஆவல் மிகுதியால் உடனே மின்சாரத்தில் மாட்டிவிடுவான். சிறிது நேரத்திற்கெல்லாம் கருகல் நாற்றம் எழும். நாற்பது ஆண்டு கெடாதிருந்த பொருள் ஒரு நிமிடத்தில் கெட்டுப் போவது இவ்வாறுதான்.

கெட்டால் என்ன, புதிதாக ஒன்று வாங்கினாற் போயிற்று என்பார் உளர். பாட்டுக் கேட்பது ஒன்றே நோக்கமாயின் அவ்வாறு சொல்வதில் தவறில்லை, கைப்பேசியே போதும். ஆனால் அக்கருவியின் பக்கத்திலேயே ஒரு பிஸ்கட் டின்னில் ஒலிநாடாக்களும், சுவரோரம் இசைத்தட்டுகளும் இருக்கக்கூடும். 1963-இல் பிலிப்ஸ் நிறுவனத்தார் வெளியிட்ட சிறு ஒலிநாடா, அடுத்த இருபது ஆண்டுகளில் சாதாரண மக்கள் கையிலும் புழங்கும் பொருளாயிற்று. கடையிற் பாட்டுப் பதிவு செய்து வாங்கியது போக, கல்யாணம், கோயில் திருவிழா, பள்ளிக்கூட விழா, தாத்தாவின் தாலாட்டு எனப் பலவற்றையும் அதில் பிடித்து வைத்தார்கள். அத்தோட்டங்கள் சிலவற்றில் இன்று லயம் இல்லை. பள்ளியும் வேறிடம் போயிற்று. எஞ்சியிருப்பது நாடாவிலுள்ள ஒலியே. அதனைப் பழுதின்றி எடுத்துக் கணினியில் சேர்ப்பதற்கு அப்பழைய கருவி இன்றும் உற்ற துணையாகும். ஆதலால் அதனை எழுப்பும் முறையைச் சற்று விரிவாக அறிந்துகொள்ளுதல் நலம்.

முதலிற் பெயரைப் பற்றி ஒரு சொல். வானொலி அலையைப் பிடிக்கும் பகுதி, ஒலியைப் பெருக்கும் பகுதி, இசைத்தட்டு நாடா முதலியவற்றைச் சேர்க்கும் வாயில்கள் ஆகிய மூன்றும் ஒரே பெட்டிக்குள் அமைந்ததே ரிசீவர். 'ஏற்பி' என்று தமிழிற் சொல்லலாம். 'ஒலிவாங்கி' எனல் கூடாது, அது மைக்கைக் குறிப்பது. ஸ்டீரியோ என்பதைச் சிலர் 'இரட்டை ஒலி' என எழுதுகின்றனர். அதுவும் அத்துணைப் பொருத்தமன்று. கிரேக்க மொழியில் 'ஸ்டீரியோஸ்' என்றால் திண்மையுடையது என்று பொருள். ஒலி இரண்டாகக் கேட்பது நோக்கமன்று. பாடகர் நடுவிலும் வயலின் ஒரு புறமும் மிருதங்கம் மறுபுறமுமாக, மேடை ஒன்று கண்முன் நிற்பது போலத் தோன்றுவதே நோக்கம். இதற்கான அடிப்படைகளை ஆலன் பிளம்லின் என்னும் ஆங்கிலேயப் பொறியியலார் 1931-இலேயே காப்புரிமைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். கடையில் ஸ்டீரியோ இசைத்தட்டு வந்தது 1958-ஐ ஒட்டித்தான்.

தோட்டத்து மக்கள் வானொலி கேட்ட வரலாறு இதனினும் பழையது. ரேடியோ மலாயா 1946 ஏப்ரல் முதல் நாளிலே தொடங்கியது. அவசர காலத்தில், 1950-களில், தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொதுவிடத்தில் வைத்துக் கேட்பதற்கென அரசினர் வானொலிப் பெட்டிகளை அமைத்தனர். அக்காலத்துப் பெட்டிக்கு வாயில் ஒன்றே, ஒலியும் ஒன்றே. இலங்கை வானொலியைச் சிற்றலையிற் பிடித்தவர்கள் பயன்படுத்தியதும் அவ்வகைப் பெட்டியே. 1970-களின் ஸ்டீரியோ ரிசீவர்களிற் பெரும்பாலானவற்றில் சிற்றலை கிடையாது. மத்திய அலையும் எஃப்.எம். அலையுமே உண்டு. பழைய இலங்கை வானொலியைத் தேடி இதனைத் திருப்புகிறவர் ஏமாறுவார்.

இனி வேலைக்கு வருவோம். கருவியை மின்சாரத்தில் மாட்டுமுன் அதன் முதுகைப் பார்த்தல் வேண்டும். பயனியர், சான்சுயி, யமஹா, கென்வுட், மராண்ட்ஸ் முதலிய பெயர்கள் பொறித்த கருவிகளில், வெளிநாட்டு விற்பனைக்கென்று செய்தவற்றிலே பெரும்பாலும், 100, 120, 220, 240 என எண்கள் பொறித்த சிறு திருகு ஒன்று பின்புறம் இருக்கும். மலேசியாவில் முன்னர் 240 வோல்ட் எனப்பட்டது; 2008 முதல் 230 வோல்ட் என அறிவிக்கப்பட்டுள்ளது. எனினும் அனுமதிக்கப்பட்ட எல்லை 253 வரை போவதால், திருகை 240-இல் நிறுத்துவதே அறிவுடைமை. 220-இல் வைத்தால் ஓடும். ஆனால் தேவையின்றிச் சூடேறும். 100 அல்லது 120-இல் இருப்பதைக் கவனியாது மாட்டினாலோ மின்மாற்றி வெந்துபோம். அதற்குப் பிறகு பழுதுபார்ப்பவரால் ஆவது அதிகமில்லை. அதே மின்மாற்றி கிடைப்பது குதிரைக் கொம்பு.

திருகு இல்லாமல் 100 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால், அது ஜப்பானியர் தம் நாட்டுக்கெனச் செய்துகொண்டது. அண்மைக் காலத்தில் பழைய சாமான்களோடு கப்பலேறி வருபவற்றில் இவ்வகையும் உண்டு. மின்சாரத்தைக் குறைத்துத் தரும் தனி மின்மாற்றி ஒன்றை இடையே வைத்தால் இது ஓடும். ஆனால் இதில் இன்னொரு சிக்கலுண்டு; வாங்குவோர் பலர் அறிவதில்லை. ஜப்பானிய எஃப்.எம். அலை அக்காலத்தில் 76 முதல் 90 மெகா ஹெர்ட்ஸ் வரையே அமைந்திருந்தது. மலேசிய நிலையங்களோ 88 முதல் 108 வரை பரவியுள்ளன. ஆகவே அந்த ரிசீவரில் முள்ளை எத்துணைத் திருப்பினாலும் மின்னலும் வாராது, ராகாவும் வாராது. விலை பேசுமுன் முகப்புக் கண்ணாடியிலுள்ள எண்களைப் படித்துவிடுவது பணத்தைக் காக்கும்.

அடுத்தது கருவியின் உள்ளே. பல ஆண்டுகள் ஓடாதிருந்த கருவியில் முதலில் தளர்வது மின்தேக்கியே. அலுமினியத் தகட்டின்மேல் படிந்த மிக மெல்லிய ஆக்சைடு ஏடு ஒன்றுதான் அதில் மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துவது. மின்னழுத்தம் இருந்துகொண்டிருக்கும் வரை அவ்வேடு தன்னைத் தானே செப்பம் செய்துகொள்ளும். நெடுநாள் சும்மா கிடந்தால் நைந்துபோம். அந்நிலையில் முழு அழுத்தத்தையும் ஒரேயடியாகக் கொடுத்தால் மின்சாரம் கசிந்து, சூடேறி, மின்தேக்கி வெடிக்கும். நோயிலிருந்து எழுந்தவனுக்கு முதல் நாளே விருந்திடுவார் உண்டோ? கஞ்சியிலிருந்துதானே தொடங்குவர். கருவிக்கும் அதுவே முறை.

அதற்குப் பழைய ரேடியோப் பழுதுபார்ப்பவர்கள் கையாண்ட எளிய உபாயம் ஒன்றுண்டு. மின்சாரம் கருவிக்குச் செல்லும் கம்பியின் வழியில், தொடராக, 60 அல்லது 100 வாட் இழைப் பல்பு ஒன்றைப் பொருத்துவர். இக்காலத்து எல்.இ.டி. விளக்கு இதற்கு ஆகாது. சூடேறி ஒளிரும் இழை உடையதாகவே இருத்தல் வேண்டும். ஒலிபெருக்கிப் பெட்டிகளைக் கழற்றிவிட்டு, ஒலியளவைச் சுழியத்தில் வைத்துப் பொத்தானைப் போட்டால், பல்பு ஒரு கணம் பளிச்சென எரிந்து பின் மங்கிவிடும். மங்கினால் நலம். மங்காது எரிந்துகொண்டே நின்றால் உள்ளே எங்கோ மின்சுற்று முட்டியிருக்கிறது என்று பொருள். உடனே நிறுத்திவிட வேண்டும். கருவிக்குப் போகவேண்டிய சேதத்தைப் பல்பு தாங்கிக்கொள்கிறது. பத்து நிமிடம் போல மங்கிய நிலையிலேயே விட்டு, நாற்றமோ புகையோ இல்லையெனக் கண்ட பின்னரே நேரடி மின்சாரம் கொடுப்பது முறை. பல்பு இருக்கும்போது கருவிக்கு மின்சாரம் குறைவாகவே போவதால், காப்புப் பொறி 'கிளிக்' என்னும் ஒலியோடு திறவாமற் போகலாம். அதுகண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

இதனைத் தொழில் தெரிந்தவரைக் கொண்டே செய்தல் வேண்டும். மூடியைத் திறந்து கை வைப்பதும் அவ்வாறே. கம்பியைப் பிடுங்கிய பின்னும் பெரிய மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும். டிரான்சிஸ்டர் கருவியில் அது சில பத்து வோல்ட்டே; அதற்கு முந்திய வால்வு ரேடியோவிலோ பல நூறு வோல்ட். அது உயிரையே வாங்கும். அறிவியற் பாடத்திற்காக மாணவர்முன் பழைய ரேடியோவைத் திறந்துகாட்ட விரும்பும் ஆசிரியர்கள் இதைக் கருத்திற்கொள்ளுதல் நன்று.

பழுதுபார்ப்பவர் செய்துதரும் இன்னொரு சோதனையும் உண்டு. ஒலிபெருக்கி மாட்டும் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து நேர்மின்னழுத்தம் எவ்வளவு எனப் பார்ப்பது. ஐம்பது மில்லி வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. வோல்ட் கணக்கில் காட்டினால் ஒலிபெருக்கிகளை இணைத்தலாகாது. அவற்றின் சுருள் எரிந்துபோம். இச்சோதனைக்கு ஆகும் நேரம் ஒரு நிமிடம். இதைச் செய்யாமல் இழந்த ஒலிபெருக்கிகள் எத்தனையோ.

ஒலிபெருக்கிகளை இணைக்கையில் சிவப்பு முனைக்குச் சிவப்பும் கறுப்பு முனைக்குக் கறுப்பும் சேர்தல் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாறிவிட்டால் ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். தவில் ஒலி மெலிந்துபோகும். பாடகர் நடுவில் நில்லாமல் அறையெங்கும் அலைவது போலிருக்கும். கருவி கெட்டுவிட்டது என்று பலர் இதைக் கண்டுதான் எண்ணுகின்றனர். கம்பியின் மெல்லிய இழை ஒன்று பக்கத்து முனையைத் தொட்டாலும் ஆபத்தே. நுனியை முறுக்கி மாட்டுக. எட்டு ஓம் என எழுதிய ஒலிபெருக்கியே பெரும்பாலும் ஏற்றது. முகப்பில் ஏ, பி என இரண்டு இணைகளுக்கு இடமிருப்பதால் நான்கையும் ஒருங்கே ஓடவிடும் ஆசை எழும். அவ்வாறு செய்தால் பல கருவிகளில் தடை பாதியாகி, சுமை இரட்டிக்கும்.

இவ்வளவும் செய்த பிறகு பொத்தானைப் போட்டால், முகப்பு விளக்கு எரியும், முள் ஆடும், ஒலி மட்டும் வாராது. பத்துக்கு ஐந்து வீடுகளில் இதுவே நடக்கும். காரணம், 'டேப் மானிட்டர்' என்னும் சிறு பொத்தான். அது உள்ளே அழுந்தியிருந்தால் கருவி வானொலியை விட்டு, நாடாக் கருவியிலிருந்து ஒலி வருமென்று காத்திருக்கும். அங்கே நாடாக் கருவி இல்லை. பொத்தானை வெளியே எடுத்ததும் பாட்டு வந்துவிடும். அடுத்த தொல்லை, ஒலியளவுக் குமிழைத் திருப்பும்போது எழும் கரகரப்பு. குமிழின் அடியிலுள்ள கரித்தடத்தில் படிந்த அழுக்கும் பச்சையுமே அது. கடற்காற்றும் ஈரமும் மிகுந்த மலாக்காவில் இது இல்லாத கருவி அரிது. மின்தொடர்பைத் துப்புரவாக்கவென்றே விற்கும் தெளிப்பானைச் சிறிது அடித்து, மின்சாரமில்லாத நிலையில் குமிழை முப்பது நாற்பது முறை திருப்பினாற் போதும். தையல் எண்ணெயும் துருநீக்கி எண்ணெயும் விடுவோர் உளர். அன்றைக்கு நன்றாயிருக்கும்; பின்னர் தூசி ஒட்டிக் குமிழே வீணாகும்.

எஃப்.எம். ஒலிக்கு ஏரியல் இன்றியமையாதது. மலாக்காவுக்கும் வட ஜொகூருக்குமான எஃப்.எம். ஒலிபரப்பு குனோங் லேடாங் மலையுச்சியிலிருந்து வருகிறது. 1,276 மீட்டர் உயரமுள்ள அம்மலையை ஜாசின் வட்டாரத்தார் நாள்தோறும் கண்ணால் காண்கின்றனர். எஃப்.எம். அலை ஏறத்தாழ ஒளியைப் போல நேர்கோட்டிற் செல்வது. மலை கண்ணுக்குத் தெரியும் வீட்டில் நிலையமும் தெளிவாகக் கேட்கும். வீடு குன்றின் மறைவிலோ, உயர்ந்த கட்டடத்தின் பின்னாலோ இருந்தால் இரைச்சல் கலக்கும்.

ஏரியலைக் கடையில் வாங்கத் தேவையில்லை. பழைய டெலிவிஷனுக்குப் பயன்பட்ட, இரண்டு கம்பிகள் ஓடும் தட்டையான நாடாக்கம்பியில் ஒன்றரை மீட்டர் நீளம் வெட்டி, இரு நுனிகளிலும் அவ்விரண்டு கம்பிகளையும் ஒன்றாகப் பற்றவைக்க வேண்டும். பிறகு நடுவில் ஒரு கம்பியை மட்டும் அறுத்து, அறுந்த இரு முனைகளிலும் அதே வகைக் கம்பியை மாட்டிக் கீழே இறக்கி, ரிசீவரின் பின்புறம் 300 ஓம் என எழுதிய இரு திருகுகளிற் சேர்த்தால் முடிந்தது. ஒன்றரை மீட்டர் என்பது எங்கிருந்து வந்தது? 100 மெகா ஹெர்ட்ஸ் அலையின் நீளம் மூன்று மீட்டர், அதிற் பாதி. கணக்கு ஆசிரியருக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. இக்கம்பியின் அகலப்பக்கம் மலையை நோக்கி இருத்தல் வேண்டும். அலோர் காஜாவிலிருந்து லேடாங் மலை கிழக்கே இருப்பதால் அங்கே கம்பியை வடக்குத் தெற்காக நீட்டுக. மெர்லிமாவுக்கு அது வடகிழக்கு; அங்கே வடமேற்குத் தென்கிழக்காக நீட்டுக. படுக்கையாக வைத்துத் தெளியாவிட்டால் நிமிர்த்தி வைத்தும் பார்க்கலாம். இடி மின்னல் எழும்போது ஏரியலையும் மின்சாரக் கம்பியையும் ஒருங்கே கழற்றிவிட வேண்டும். பொத்தானை அணைத்தால் மட்டும் போதாது.

நிலையம் கிடைத்ததும் முகப்பில் சிறு சிவப்பு விளக்கு ஒன்று எரியும். ஸ்டீரியோ வருகிறது என்பதற்கு அது அடையாளம். ஒரே அலையில் இரண்டு ஒலிகள் எங்ஙனம் வருகின்றன என்பது சிந்தனைக்குரியது. 1961-இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்ட முறையில், இடப்புற ஒலியையும் வலப்புற ஒலியையும் தனித்தனியே அனுப்புவதில்லை. இரண்டின் கூட்டலை ஒன்றாகவும் கழித்தலை மற்றொன்றாகவும் அனுப்புகின்றனர். இடம் 7, வலம் 3 என்று கொள்வோம். கூட்டினால் 10, கழித்தால் 4. ரிசீவர் அந்த 10-ஐயும் 4-ஐயும் கூட்டி 14 ஆக்கிப் பாதி எடுத்தால் 7. கழித்து 6 ஆக்கிப் பாதி எடுத்தால் 3. இடமும் வலமும் திரும்பக் கிடைத்துவிட்டன. பழைய ஒற்றை ஒலிப் பெட்டிக்கோ கூட்டற்பகுதி மட்டும் கேட்கும். அதற்கு ஒரு குறையும் இல்லை. புதுமையைக் கொணர்ந்தபோது பழைய பெட்டி வைத்திருந்த ஏழையைக் கைவிடாத இந்த ஏற்பாடு பாராட்டத்தக்கது. கழித்தற்பகுதி 38 கிலோ ஹெர்ட்ஸ் துணை அலையில் ஏறி வருகிறது. அதனை அறிவிக்கும் தூதாக 19 கிலோ ஹெர்ட்ஸ் ஒலிக்குறி ஒன்று உடன் வரும். அத்தூதைக் கண்டதும் எரிவதே அச்சிவப்பு விளக்கு. கழித்தற்பகுதி நலிந்தது, விரைவில் இரைச்சலுக்கு ஆட்படும். ஆதலின் நிலையம் தொலைவிலிருந்து இரைந்தால் 'மோனோ' பொத்தானை அழுத்துக. மேடை மறையும், பாட்டுத் தெளியும். நலிந்த நிலையம் அடியோடு கேளாவிட்டால் 'மியூட்டிங்' பொத்தானை விடுவித்துப் பார்க்க வேண்டும்.

இசைத்தட்டுக் கருவியை 'ஃபோனோ' என்ற வாயிலிலேயே சேர்க்க வேண்டும். காந்த ஊசியிலிருந்து வருவது சில மில்லி வோல்ட்டே. அன்றியும் தட்டில் பதியும்போது கனத்த ஒலியைக் குறைத்து, கீச்சொலியைக் கூட்டிப் பதிந்திருப்பார்கள். ஃபோனோ வாயில் அதனை நேர்மாறாகத் திருத்துகிறது. கைப்பேசியை அவ்வாயிலில் மாட்டினால் காது கிழியும். தட்டுக் கருவியை 'ஆக்ஸ்' வாயிலில் மாட்டினால் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போலிருக்கும். பெட்டி போன்ற சிறு கருவிகளின் செராமிக் ஊசிக்கு மட்டும் ஆக்ஸ் பொருந்தும். தட்டுக் கருவியிலிருந்து தனியே வரும் மெல்லிய கம்பியை ரிசீவரின் தரைத் திருகில் மாட்டாவிட்டால் வண்டு ரீங்கரிக்கும் ஓசை ஓயாது. பாட்டு இழுத்து இழுத்துக் கேட்டாலோ, அத்தட்டுக் கருவி 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்திற்கென்று செய்ததா எனப் பார்க்க. மலேசியாவில் 50 ஹெர்ட்ஸ். அதனால் நிமிடத்திற்கு 33 1/3 முறை சுழல வேண்டிய தட்டு ஏறத்தாழ 28 முறையே சுழலும். சுசீலாவின் குரல் ஆண்குரலாகும்.

கருவி செம்மையாக ஓடத் தொடங்கிய பின் நாடாவையும் தட்டையும் கணினியில் ஏற்றலாம். ரிசீவரின் பின்புறம் 'ரெக் அவுட்' என இரு துளைகள் உண்டு. அதிலிருந்து வரும் ஒலி, ஒலியளவுக் குமிழாலும் பிற குமிழ்களாலும் மாறுபடாதது. ஆகவே பதிவுக்கு உகந்தது. அங்கிருந்து கணினியின் ஒலி நுழைவாயிலுக்குக் கம்பி போகட்டும். மைக் வாயிலுக்குப் போகலாகாது. நாடாக் கருவியை இவ்வேலைக்கு மட்டும் டேப் வாயிலில் மாட்டாமல் ஆக்ஸில் மாட்டுக. டேப் வாயிலில் வந்த ஒலியை அதே இணைப்பின் ரெக் அவுட் திருப்பி அனுப்புவதில்லை. ரிசீவரின்மேல் போர்த்திய துணியையும் பூச்சாடியையும் எடுத்துவிடுக. வெப்பம் போக வழி வேண்டும்.

நாடாவை ஓடவிடுமுன் உறையிலுள்ள எழுத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, வீட்டிலுள்ள முதியவர் ஒருவரையும் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளுதல் நன்று. யார் குரல், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று சொல்லக்கூடியவர் அவரே. சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளலாம். முதலில் ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு பதியலாம் என்று இருக்கலாகாது. கணினியில் பதிவைத் தொடங்கிவிட்டுத்தான் நாடாவை ஓடவிட வேண்டும். நாற்பது ஆண்டு ஓடாத நாடா, இரண்டாம் முறை ஓடுமுன் அறுந்துபோதல் உண்டு.